கணக்கில் வராத கிழங்கு

கிழங்கு அவிக்கும் கூடத்துக்குள் காலை ஐந்தரை மணிக்கு நுழைகிறவருக்கு முதலில் ஆவிதான் தெரியும், ஆட்கள் தெரியமாட்டார்கள். குரலை வைத்துத்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். "ஆச்சு, எறக்கு!" என்று கேட்டால் அது பதக்கா. "அவசரப்படாத, இன்னும் நாலு நிமிஷம் கெடக்கட்டும்" என்று கேட்டாலும் அது பதக்காதான். பெற்றவர்கள் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பதம் பார்க்கிற அக்கா, பதக்கா. அவ்வளவுதான்.

கூடத்தில் எட்டு அண்டாக்கள். உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேனை, சேம்பு என்று நாளுக்கொரு கிழங்கு மூட்டை மூட்டையாக வேகும். வெந்ததைப் பெண்கள் உட்கார்ந்து தோலுரித்து, ஆறவைத்து, பெட்டிகளில் அடுக்குவார்கள். மருத்துவமனைக்கும் மாணவர் விடுதிக்கும் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அங்கிருந்துதான் போகிறது. குழைந்து போனால் பெட்டியில் கூழாகிவிடும், வேகாமல் போனால் அடுத்த நாள் திரும்பி வந்துவிடும். பழைய உருளை மேலே மெத்தென்று இருந்துகொண்டு நடுவில் நறநறக்கும். மரவள்ளி வெந்த மாதிரி வெடித்து நின்று ஏமாற்றும். சேனையில் அரிப்பு போயிற்றா என்று கம்பியால் குத்திக் கண்டுபிடிக்க முடியாது. இத்தனை போக்கிரித்தனத்தையும் பதக்கா பதினேழு வருடமாக அடக்கி வைத்திருந்தாள். அவள் 'ஆச்சு' என்று சொன்ன அண்டா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டும்.

வலது கண்ணில் புரை விழுந்தது அவளுக்கு வெகு நாள் தெரியவில்லை. ஆவிக்குள் எல்லோருக்கும்தானே மங்கலாகத் தெரிகிறது. வெளியே வந்து பாதி வழி நடந்த பிறகும் ஆவி விலகாமல் கூடவே வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு அறுவை செய்துவிடலாம் என்றார். ரத்தத்தைச் சோதித்து வரச் சொன்னார். சோதித்த தாளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"ரத்தத்துல சர்க்கரை மூணு மாசச் சராசரி ஒம்போது புள்ளி எட்டு இருக்கும்மா. எட்டுக்குக் கீழ வரணும். இத வெச்சுக்கிட்டு நான் கண்ணுல கை வெக்க மாட்டேன். புண்ணு ஆறலன்னா இருக்கிற பார்வையும் போயிடும்."

"சீக்கிரம் ஆகணும் டாக்டர். அண்டாவுக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேங்குது."

"சீக்கிரம் ஆகுறது உங்க தட்டுலதான் இருக்கு" என்று சொல்லி, மாத்திரை எழுதிக்கொடுத்து, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்கிற டயட்டீஷியன் அம்மாவின் அறைக்கு அனுப்பிவைத்தார்.

அன்றைக்குக் கூடப் போனது அவளுடைய கணவர். கடைத்தெரு முனையில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பவர். எந்தப் பூட்டையும் பார்த்த மாத்திரத்தில் இது திறக்கும், இது அடம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படிச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அதனால்தான் பின்னால் இத்தனையும் நடந்தது.

டயட்டீஷியன் அம்மா சின்ன வயசு. மேசை மேல் ஒரு வெள்ளைத் தட்டு வைத்திருந்தாள்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"கிழங்கு அவிக்கிற கூடத்துல."

"அப்போ வீட்டுலயும் கிழங்குதானா?"

"எனக்கு அது வேண்டவே வேண்டாம்மா, பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. இவருக்குத்தான் உருளை இல்லன்னா சோறு எறங்காது. கிழங்க வெச்சாத்தான் காய் வெச்ச மாதிரி இவருக்கு."

"அங்கதான் எல்லாரும் சறுக்குறது" என்று அந்தப் பெண் சிரித்தாள். "கிழங்கு நல்ல சாப்பாடுதான். நார் இருக்கு, சத்து இருக்கு, நான் ஒண்ணும் தடை போடல. ஆனா அது காய் பக்கத்துல உக்கார்ற ஆள் இல்ல. சோத்துப் பக்கத்துல உக்கார்ற ஆள். உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, சோளம், பச்சைப் பட்டாணி, எல்லாம் ஒரு வீட்டுப் புள்ளைங்க. மாவுச்சத்துக் குடும்பம்."

"பட்டாணியுமா?" என்று பூட்டுக்காரர் கேட்டார். பட்டாணி மேல் அவருக்குத் தனிப் பாசம்.

"பட்டாணியுந்தான் சார்." அவள் தட்டின் நடுவில் விரலால் கோடு இழுத்தாள். "பாதித் தட்டு கீரை, கோஸ், அவரை, கத்திரி, வெள்ளரின்னு எது வேணா இருக்கட்டும். இன்னொரு கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மிச்சக் கால் பங்கு இருக்குதில்ல, அதுலதான் சோறு. கிழங்கு வெக்கணும்னா அதுவும் அதுக்குள்ளதான்."

"அப்போ சோறும் கிழங்கும் ஒரே ரூம்ல குடித்தனம் பண்ணணுமாக்கும்."

"ஆமா சார். ஒருத்தர் காலை நீட்டினா இன்னொருத்தர் மடக்கிக்கணும்."

பூட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் சாவியில் எண் வெட்டுகிற உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எவர்சில்வர் தட்டில் பாதி, கால், கால் என்று கோடு செதுக்கினார். அவர்களுடைய மகள் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள், நூலிழை கோணினாலும் அவள் கண் விடாது. அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, சோத்துப் பக்கம் ஒரு விரல் அகலம் கூடியிருக்கு."

"அது அப்படித்தான் வரும். தட்டு வளைவு."

"வளைவு இல்லப்பா, பாசம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறொரு தட்டை எடுத்து முதலிலிருந்து செதுக்கினார். இரண்டாவது தட்டு சரியாக அமைந்தது. பதக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் தன் கையால் அவளுக்கென்று செய்து கொடுத்த முதல் பொருள் அதுதான். அதை வாய்விட்டுச் சொல்லாமல், "கோடு கையில உறுத்துது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று மாதம் அந்தத் தட்டு சொன்னபடியே வீடு நடந்தது. காலை நாலரைக்கு மகள் எழுந்து அம்மாவுக்குக் கோட்டுக்குள் வைத்துக் கொடுப்பாள். வேலைக்குப் போகும் முன் மதியத்துக்கும் அதே போலக் கோட்டுக்குள் வைத்து மூடிவிட்டுப் போவாள். பதக்கா ஒரு மணிக்கு வந்து மூடியைத் திறந்து, இருப்பதைத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். காப்பிக்குச் சர்க்கரை போயிற்று. சாயங்காலம் மூவரும் அரை மணி நேரம் நடந்தார்கள். பூட்டுக்காரர்கூட உருளையைச் சோற்றுக் கணக்கில் சேர்த்துப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். குறைத்தது அவருக்கு நோவாகத்தான் இருந்தது, ஆனால் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது.

அதே மூன்று மாதத்தில்தான் கூடத்துக்குப் புதிதாக இரண்டு அண்டாக்கள் வந்தன. எட்டு பத்தாயிற்று. பதக்கா காலை நேரத்தில் நிற்க நேரமில்லாமல் ஓடினாள்.

மூன்று மாதம் முடிந்து மூவரும் கண் மருத்துவரின் அறையில் உட்கார்ந்தார்கள். பதக்கா அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு போகத் தயாராக, கூடத்தில் விடுப்புகூடச் சொல்லி வைத்திருந்தாள்.

"ஒம்போது புள்ளி நாலு" என்றார் மருத்துவர்.

மகள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மாசம் முடியாதும்மா. என்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க."

பதக்கா சொன்னாள். காலையில் என்ன, மதியம் என்ன, இரவு என்ன, எத்தனை கரண்டி, எந்தக் கோட்டுக்குள். மகள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"இவ்வளவுதான் சாப்பிடுறீங்கன்னா இது நல்லாக் கொறஞ்சிருக்கணுமே. மாத்திரையும் போடுறீங்க. உள்ள வேற என்னமோ போகுது." அவர் பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். வீட்டுல என்ன நடக்குது?"

அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் படித்தவர் ஒருவர் மதித்துக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நானும் பொண்ணும் வேலைக்குப் போயிடுறோம் டாக்டர். இவ மதியமே வந்துடுறா. அலமாரியில சர்க்கரை இருக்கு, வெல்லம் இருக்கு. நாங்க இல்லாத நேரத்துல ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிறாளோ என்னவோ, யாரு கண்டா?"

பதக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுடைய நல்ல கண் இருக்கிற பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாகவே தெரிந்தது.

மருத்துவர், "நாக்கைக் கட்டணும்மா. உங்க கண்ணு, உங்க கஷ்டம்" என்று சொல்லி அடுத்த மூன்று மாதத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் பூட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டும் கொண்டியும் கொண்டுவந்து அடுக்களை அலமாரியில் பொருத்தினார். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். பதக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இது?"

"எறும்பு வருது."

"எறும்பு சாவி இல்லாமலே போகும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் சண்டை என்று ஒன்றும் கிடையாது. துணி துவைத்தாள், அவருக்குச் சோறு வைத்தாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மகள் வழியாகப் போயிற்று.

"உங்கப்பாகிட்ட சொல்லு, குழாய் ஒழுகுது."

"அப்பா, குழாய் ஒழுகுதாம்."

"கேட்டுச்சு. நாளைக்குப் பாக்குறேன்னு சொல்லு."

"அம்மா, நாளைக்காம்." மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் என்ன தபால் ஆபீஸா? ரெண்டு பேரும் நாலடி தூரத்துல உக்காந்துக்கிட்டு."

மகளுக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்தது. அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. சோதனைத் தாளில் இருந்த எண்ணும் பொய் சொல்லாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாமல் அவள் தவித்தாள். ஒருநாள் கேட்டும் விட்டாள்.

"அம்மா, கோச்சுக்காத. மதியம் வந்ததும் ஒரு வாய் வெல்லம், அப்படி ஏதாவது? தெரியாமகூட?"

"தெரியாம எப்படிடி வெல்லம் திங்கிறது?" என்றாள் பதக்கா. அப்புறம் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நீயுமா" என்றாள்.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. கூடத்தின் சரக்கு அறைப் பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது என்று மேஸ்திரி பூட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அரை மணி நேர வேலை. கடைப் பையனிடம் விட்டுவிட்டால் போதும் என்கிற வேலை. அவர் தானே வருவதாகவும், காலை ஆறு மணிக்கே வருவதாகவும் சொல்லி அனுப்பினார். வீட்டு அலமாரி பூட்டியிருக்கிறது, அப்படியும் அவள் தின்கிறாள் என்றால் வேலை செய்யும் இடத்தில்தான் தின்ன வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். உளவு பார்க்கத்தான் போனார். மேலே போர்த்திச் சொல்ல எனக்கு மனமில்லை.

பதினேழு வருடத்தில் அவர் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. சரக்கு அறை வாசலில் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்தார். பதக்கா அவரைப் பார்த்தாள், தலையைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அன்றைக்கு உருளை. ஆவி புரண்டுகொண்டிருந்தது. அவள் முதல் அண்டாவின் மூடியைத் தூக்கினாள். நீளக் கம்பியை விட்டு மேலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள், பிட்டாள், ஊதினாள், வாயில் போட்டாள். நடுவிலிருந்து ஒன்று. அடியிலிருந்து ஒன்று. கண்ணை மூடி மென்றாள். "நாலு நிமிஷம்" என்றாள். அடுத்த அண்டாவுக்குப் போனாள். அங்கே மூன்று. நாலு நிமிஷம் கழித்து முதல் அண்டாவுக்கே திரும்பி வந்து மறுபடி இரண்டு. "ஆச்சு, எறக்கு!"

பூட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளி நின்றது. பிறகு திருகாணி டப்பாவைத் திறந்து, அவள் வாயில் ஒரு துண்டு போகும்போதெல்லாம் ஒரு திருகாணியை எடுத்து மூடியில் போட்டார். ஒன்பது மணிக்குள் டப்பாவில் இருந்த முப்பத்திரண்டும் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் எண்ண அவரிடம் எதுவும் இல்லை.

டீ வந்தது. தோலுரிக்கிற பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுக்கா. ஒண்ணுல என்ன ஆயிடப் போவுது?"

"வேணாம்டி. எனக்குக் கண்ணு வேணும்" என்றாள் பதக்கா. சர்க்கரை இல்லாத டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து அண்டாவுக்குப் போனாள். மூடியைத் தூக்கி ஒரு கிழங்கைப் பிட்டு வாயில் போட்டாள்.

பூட்டுக்காரருக்கு அந்தக் குளிர்ந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மதியம் இருவரும் ஒரே வழியில் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் நாலடி முன்னால், அவர் பின்னால்.

"இங்க பாரு, ஒண்ணு கேக்குறேன். காலையிலேருந்து என்ன சாப்பிட்ட?"

அவள் விளக்குக் கம்பத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். "பொண்ணு வெச்சது."

"அப்புறம்?"

"டீ. சர்க்கரை இல்லாம."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல." குரல் உடைந்தது. "எத்தன தடவ கேட்டாலும் ஒண்ணும் இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அவள் மனதில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து திருகாணிகளை அள்ளி உள்ளங்கையில் காட்டினார்.

"முப்பத்திரண்டு."

"என்ன முப்பத்திரண்டு?"

"கிழங்கு. உன் வாயில போனது. ஒம்போது மணி வரைக்கும். அதுக்கு மேல எண்ண என்கிட்ட திருகாணி இல்ல."

அவள் நின்றுவிட்டாள். "அது சாப்பாடா? அது வேலை. திங்கிறதுன்னா உக்காந்து, தட்டு வெச்சுத் திங்கிறது. இது நின்னுக்கிட்டு..."

"நீ உக்காந்திருக்கியா நிக்கிறியான்னு வயித்துக்குத் தெரியுமா?"

அவள் தன் வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். "நான் நகத்தளவுதானே பிப்பேன். பதினேழு வருஷமா நகத்தளவுதான். நீங்க பாத்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

அவர் தன் கட்டைவிரலை முழுதாகக் காட்டினார்.

"இவ்வளவா?"

"சிலது இதுக்கும் மேல."

அவள் நடந்தாள். ஒரு திருப்பம் தாண்டிய பிறகு, "பசிச்சிருக்கு போல" என்றாள். "தட்டுல சோறு கொறஞ்சுதுல்ல. என் கைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். தப்புச் செய்துவிட்டோமே என்றும் இருந்தது, பொய்க்காரி இல்லை என்று தெரிந்துவிட்ட நிம்மதியும் இருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பிடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு பூட்டுக்கு எதுக்கு இன்னிக்கு அரை நாள் அங்க உக்காந்திருந்தீங்க?"

பூட்டுக்காரர் பொய் சொல்ல நினைத்தார். திருகாணி அத்தனையும் கையில் இருந்தது.

"பாக்கத்தான் வந்தேன்."

"என்ன பாக்க?"

"நீ திருட்டுத்தனமாத் திங்கிறியான்னு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று சாயங்காலம் அவர் அலமாரியிலிருந்து பூட்டைக் கழற்றினார், கொண்டியையும் பிடுங்கினார், மரத்தில் இருந்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தார். அடுக்களையில் நின்று, "தப்புதான். நான் அப்படி நெனச்சிருக்கக் கூடாது" என்றார். அவருடைய வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை மகள் முதன்முறையாகக் கேட்டாள்.

பதக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "டாக்டர் ரூம்ல, ஊரான் முன்னாடி சொன்னது. அத அடுக்களையில வெச்சுத் திரும்ப எடுத்துக்கிட்டா எப்படி?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மகள் அம்மாவை டயட்டீஷியன் அம்மாவிடம் கூட்டிப் போனாள். பையில், கூடத்தில் பிட்ட அளவிலேயே பிட்ட முப்பத்திரண்டு துண்டு உருளை இருந்தது. அந்தப் பெண் அதைத் தராசில் வைத்தாள். அரைக் கிலோவைத் தாண்டியது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன சாப்பிடுறீங்கன்னுதான் நான் கேட்டேன். என்ன வேலை பாக்குறீங்கன்னும் கேட்டேன். ரெண்டையும் சேத்து யோசிக்கல. தப்பு என் மேலயும்தாம்மா. உங்க தட்டுல அந்தக் கால் பங்கு இருக்குதில்ல, அது காலையில ஒம்போது மணிக்கே ரெண்டு தடவ ரொம்பிடுது. அதுக்கு மேலதான் நீங்க வீட்டுக்கு வந்து சோறு வேற வெச்சுக்கிறீங்க."

"அப்போ வேலைய விடணுமா?"

"எதுக்கும்மா விடணும்?"

"துப்பவும் எனக்கு மனசு வராது. சாப்பாட்டத் துப்பினதே இல்ல நான்."

"துப்ப வேணாம். நகத்தளவு மட்டும் வாயில போடுங்க. அதே கிழங்குல இன்னொரு நகத்தளவு பிட்டு ஒரு கிண்ணத்துல போட்டுக்கிட்டே வாங்க. வாயில எவ்வளவு போச்சுன்னு கிண்ணம் சொல்லிடும். மதியம் அதப் பாத்துட்டு அந்த அளவுக்குச் சோத்தக் கொறச்சுக்கோங்க. கிழங்கோட வேலை செய்யிற நாள்ல மதியம் சோறே இல்லன்னாலும் பரவாயில்ல. கீரையும் பருப்பும் நெறையா வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, காலையில ஒரு முட்டை கூடச் சாப்பிடுங்க. பசியோட பதம் பாக்கக் கூடாது."

முதல் வாரம் பதக்காவுக்கு நம்பிக்கையே இல்லை. நகத்தளவு நாக்கில் பட்டதும் காணாமல் போயிற்று. ஒரு அண்டா முன்னால் நின்று யோசித்துக்கொண்டே இருப்பாள், மேஸ்திரி ஆவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பதக்கா, தூங்கிட்டியா?" என்று கத்துவார். "உன் அவசரத்துக்குக் கிழங்கு வேகுமா?" என்று இவள் திருப்பிக் கத்துவாள். தோலுரிக்கிற பெண்கள் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அக்கா யாருக்கோ சோறூட்டப் போவுது" என்று கேலி செய்தார்கள். முட்டை தின்று வந்த வயிறு அவசரப்படவில்லை. பத்து நாளில் நாக்குக்குப் பழகிவிட்டது. அண்டா எதுவும் திரும்பி வரவில்லை. மதியம் கிண்ணத்தைப் பார்த்ததும் இத்தனை நாள் எவ்வளவு தின்றிருக்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

பூட்டுக்காரரிடம் இப்போது பேசினாள். குழாயைப் பற்றியும் கீரையைப் பற்றியும் நேரடியாகவே பேசினாள். அதற்கு மேல் போகவில்லை. அறுவைக்கு மகள்தான் கூட வருவாள் என்று ஒருநாள் பொதுவாகச் சொல்லிவைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சீட்டில் எழுதிய மூன்று மாதம் முடிந்து மூவரும் மறுபடி அந்த அறையில். மருத்துவர் தாளைப் பிரித்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"ஏழு புள்ளி ஏழு! பரவாயில்லையே." முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாம்மா, இனிப்ப நிறுத்தினதும் எப்படி எறங்கிடுச்சு. வர்ற பதினெட்டாம் தேதி வெச்சுக்கலாம்."

பதக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாள் கிடைத்துவிட்டது, அது போதும், இதைப் போய் மறுத்துப் பேசுவானேன் என்று நினைத்திருப்பாள். மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் பூட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க சார், முடியல இன்னும்."

"இல்ல டாக்டர். போன தடவ உக்காந்துக்கிட்டு ஒண்ணு சொன்னேன். இப்ப நின்னுக்கிட்டுச் சொல்றேன். இவ இனிப்பு திங்கல. இப்ப நிறுத்தல, அப்பவே திங்கல. வேலையில பதம் பாத்த கிழங்கு அது. அது கணக்குல வரும்னு இவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒளிச்சுத் திங்கிறான்னு நான் சொன்னேனே, அத நான் பாக்கல. பாக்காமச் சொன்னேன். இந்த ரூம்ல பொய் சொன்னது நான் மட்டுந்தான்."

வெளியே அடுத்த முறைக்குக் காத்திருந்தவர்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். மருத்துவருக்குப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சரி சார், அதனால என்ன? அதான் கொறஞ்சிடுச்சே."

"கொறஞ்சிடுச்சு டாக்டர். அதனாலதான் இப்பவே சொல்லிடறேன். இனிமே யாரும் இதக் கேக்க மாட்டாங்க."

பதக்காவுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. புரை விழுந்த கண்ணிலிருந்தும் நல்ல கண்ணிலிருந்தும் ஒரே மாதிரி வழிந்தது. மருத்துவர் பதறிப் போய், "கண்ணைத் தேய்க்காதீங்கம்மா" என்றார்.

சீட்டை வாங்கிக்கொண்டு மூவரும் வெளித் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். மகள் மருந்து வாங்க வரிசையில் போய் நின்றாள். பெஞ்சில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. பதக்கா உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவருக்கும் இடம் பண்ணினாள்.

"ஏங்க, பதினெட்டாம் தேதி கடையச் சாத்திட்டு வந்துடுங்க."

"பொண்ணு வர்றதாச் சொன்னியே?"

"அவ வேலைக்குப் போகட்டும். கண்ணுக் கட்டு அவுக்கும்போது நீங்க எதிர்ல இருக்கணும்."

"வந்துடறேன்" என்றார்.